பெயர் வைத்தவன் யார்?

(திருவாரூர்ப் பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



கதைகளில் வரும் ஆட்களின் பெயர்களுக்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்பதைப்பற்றி இன்று நாம் பேசுவதாக ஏற்பாடு. விவசாயிக்கும் கூலிக்காரனுக்கும் எவ்வளவோ கஷ்டங்கள் இருக்க, பாரதத்திலும் இராமாயணத்திலும் உள்ள பெயர்களைக் குடைந்து என்ன ஆகப்போகிறது என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். நமக்கும் அப்படி ஓர் எண்ணம் இருக்கத்தான் செய்தது. ஆனால் இன்று மாலை நடந்த ஒரு சிறு சங்கதி அந்த எண்ணத்தைப் போக்கிவிட்டது.

கூட்டத்துக்கு வரும் வழியில் கோவில் மதிலுக்கு வெளியே இருக்கும் கல்தேரின் பக்கம் சற்று நின்றோம். தேர்க்காலின் கீழே இளவரசன் கிடக்கிற அந்தச் சிற்பத்தை உங்களில் பார்க்காதவர் இரார். அங்கே ஒரு தகப்பனார் தம் பெண் குழந்தைக்கு அதைக் காட்டி, "இவர்தான் மனுநீதிச் சோழ ராஜா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். உடனே அந்தக் குழந்தை, "மனுன்னா, தாத்தா கலெக்டர் ஆபீசிலே கொடுப்பாங்களே, அந்த மனுவா அப்பா?" என்று கேட்டது. (சிரிப்பு) தகப்பனாரும் சிரித்துவிட்டு, "அது வேறே, இது வேறே" என்றார். குழந்தை விடவில்லை. "அப்போ இது எந்த மனு?" என்றது. "ராஜா பேரு அப்படித்தான், வா போகலாம்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

தோழர்களே! அந்தக் குழந்தை கேட்டது சாதாரணக் கேள்வியல்ல. படித்த பண்டிதர்கள் கேட்கத் தவறிய கேள்வி. ஆகையால் அந்தக் கேள்வியையே இன்றைய பேச்சின் முடிவாக வைத்துக்கொண்டு, அதற்குப் போய்ச் சேரும் வழியை மாத்திரம் இப்பொழுது சொல்லப்போகிறோம்.

பெயரே தீர்ப்பு

கதை எழுதுகிறவன் ஓர் ஆளுக்குப் பெயர் வைக்கும்போதே அவனைப்பற்றி நாம் என்ன நினைக்கவேண்டும் என்பதையும் வைத்துவிடுகிறான். வழக்கு விசாரணைக்கு முன்பே தீர்ப்பு எழுதி வைப்பது எப்படியோ, அப்படித்தான் இதுவும். இதில் சில பேர் யோக்கியமாக நடந்துகொள்வார்கள். சில பேர் மறைத்துச் செய்வார்கள்.

யோக்கியமாகச் செய்தவர்களுக்கு ஓர் உதாரணம் சொல்லுகிறோம். வீரமாமுனிவர் என்கிற பெஸ்கி பாதிரியார் எழுதிய பரமார்த்த குருவின் கதை உங்களுக்குத் தெரியும். இத்தாலி தேசத்திலிருந்து வந்து, கொள்ளிடத்துக்கு வடகரையில் ஏலாக்குறிச்சியில் இருந்து தமிழ் வளர்த்து, 1747-இல் காலமானவர். அவர் கதையில் குருவுக்கு ஐந்து சீடர்கள்: மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன். ஐந்து பெயருக்கும் ஏறக்குறைய ஒரே அர்த்தந்தான். ஆனால் குருவின் பெயர் என்ன? பரமார்த்தன், அதாவது மேலான மெய்ப்பொருளை அறிந்தவன்! பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று வாங்குகிற கூட்டத்துக்குத் தலைவன் மெய்ப்பொருள் அறிந்தவன்! (சிரிப்பு) சீடர்களின் பெயர் உண்மை சொல்லுகிறது. குருவின் பெயர் பொய் சொல்லுகிறது. அந்தப் பொய்யைக் கண்டுபிடிப்பதுதான் அந்தக் கதையின் பிரயோஜனம். இன்னொன்றும் கவனியுங்கள். மிலேச்சன் என்ற சொல் அந்நிய நாட்டானை இழிவாகச் சொல்ல வடமொழிக்காரர்கள் வைத்திருந்த சொல்லாகும். அந்தப் பாதிரியாரே அவர்கள் கணக்கில் மிலேச்சன்தான். தன்மேல் வீசக்கூடிய கல்லை எடுத்துத் தன் கதைக்குள்ளேயே வைத்துச் சிரித்திருக்கிறார்.

அதே நூற்றாண்டில், 1759-இல், பிரெஞ்சு தேசத்துப் பகுத்தறிவாளர் வால்டேர் 'காண்டீட்' என்று ஒரு கதை வெளியிட்டார். அதில் ஒரு தத்துவ வாத்தியார் வருகிறார். அவர் பெயர் பாங்கிளாஸ். கிரேக்க மொழியில் பிரித்தால் 'முழுக்க நாக்கு' என்று அர்த்தம். உலகத்தில் நடப்பதெல்லாம் நன்மைக்கே என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருப்பதே அவர் தொழில். 1755-இல் லிஸ்பன் நகரத்தில் பூகம்பம் வந்து ஜனங்கள் ஆயிரக்கணக்கில் செத்துக் கிடந்த இடத்திலும் அவர் அதையே சொல்லுகிறார். நம் ஊரில் 'எல்லாம் அவன் செயல்' என்று சொல்லுகிறவருக்கு வால்டேர் வைத்த பெயர் அது.

இவை சிரிக்க வைக்கிற பெயர்கள். கதை என்று சொல்லியே சொல்லுகிறார்கள், யாரும் இவற்றுக்குக் கற்பூரம் கொளுத்துவதில்லை. ஆகவே இவற்றால் கேடில்லை.

புராணக்காரர் வைத்த பெயர்

இனி, கற்பூரம் கொளுத்துகிற கதைகளுக்கு வருவோம்.

பாரதத்தில் நூற்றுவர் பெயரைப் பாருங்கள். துரியோதனன், துச்சாதனன், துர்முகன், துஷ்கர்ணன் என்று 'துர்' என்பதாகவே அடுக்கிக்கொண்டு போகிறது. துர்முகன் என்றால் கெட்ட முகத்தான். துஷ்கர்ணன் என்றால் கெட்ட காதுக்காரன். எந்தத் தாயாவது பெற்ற பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு 'என் கெட்ட மூஞ்சி' என்று பெயர் வைப்பாளா? (சிரிப்பு) இங்கே நாம் நியாயமாகவும் பேசவேண்டும். துரியோதனன் என்பதற்கு 'எதிர்த்துப் போர் செய்ய அரியவன்' என்றும், துச்சாதனன் என்பதற்கு 'அடக்க அரியவன்' என்றும் வடமொழி இலக்கணப்படி பொருள் சொல்லலாம். அது சரிதான். ஆனால் இந்தப் பொருளை எந்தக் கதாகாலட்சேபக்காரர் உங்களுக்குச் சொன்னார்? 'துர்' என்றால் துஷ்டன் என்பதே நம் காதில் ஏறியிருக்கிறது. அதே பாரதத்தில் தருமனே அவனைச் 'சுயோதனன்', அதாவது நன்றாகப் போர் செய்கிறவன், என்று அழைக்கும் இடங்கள் உண்டு. ஆகவே நல்ல அர்த்தமும் இருந்தது, நல்ல பெயரும் இருந்தது. ஜனங்களிடம் வந்து சேர்ந்தது எது என்பதே நம் கேள்வி.

அதற்கு எதிர்ப்பக்கத்தைப் பாருங்கள். பீமன் என்றால் பயங்கரமானவன் என்று பொருள். விபீஷணன் என்றாலும் மிகவும் பயங்கரமானவன் என்றே பொருள். இரண்டும் பயம் என்கிற ஒரே வேரிலிருந்து வந்த பெயர்கள். ஒருவன் பாண்டவன் பக்கம். மற்றவன் அண்ணனை விட்டு இராமன் பக்கம் போனவன். ஆகையால் இவர்கள் பெயரின் அர்த்தத்தை யாரும் வாய் திறப்பதில்லை! 'பயங்கரன்' என்பது நல்லவன் பெயராகிவிட்டது. 'வெல்ல அரியவன்' என்பது கெட்டவன் பெயராகிவிட்டது. ஆக, பெயரின் அர்த்தத்தைப் பார்த்து ஆள் நல்லவனா கெட்டவனா என்று முடிவு செய்யவில்லை. ஆள் எந்தப் பக்கம் என்பதைப் பார்த்துப் பெயருக்கு அர்த்தம் சொல்லியிருக்கிறார்கள்.

சூர்ப்பணகை என்கிற பெண்ணின் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். சூர்ப்பம் என்றால் முறம். நகம் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. முறம் போன்ற நகத்தை உடையவள் என்பதே அந்தப் பெயர். இலங்கை அரசனுடைய தங்கைக்கு அண்ணன் வீட்டில் வைத்த பெயரா இது? அவளுடைய மூக்கையும் காதையும் அறுக்கப்போகிறவர்களின் கதையை எழுதியவர் வைத்த பெயராகத் தோன்றவில்லையா? கம்பராமாயணத்தில் அதே பெண் தன் பெயரைத் தானே சொல்லிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. அங்கே அவள் 'காமவல்லி' என்று சொல்லிக்கொள்கிறாள். பிறர் வைத்தால் முறநகம். தானே சொன்னால் வல்லிக்கொடி. அறுபட்டது யார் மூக்கு? காமவல்லியின் மூக்கு என்றால் கேட்கிறவர் மனம் கொஞ்சமாவது இரங்கும். முறநகத்தாளின் மூக்கு என்றால் 'சரி, போகட்டும்' என்று தோன்றும். பெயர் செய்கிற வேலை இதுதான், தோழர்களே!

அறிஞர் அண்ணா எழுதிய 'நீதிதேவன் மயக்கம்' நாடகத்தில் இராவணன் மறு விசாரணை கேட்கிறான். அரக்கன் என்ற சொல்லையும் இரக்கம் என்ற சொல்லையும் எதிரெதிரே நிறுத்தி, இரக்கம் இல்லாதவன்தான் அரக்கன் என்றால் இன்னின்னார் செய்ததெல்லாம் இரக்கமா என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்கிறான். கடைசியில் நீதிதேவனே மயங்கி விழுகிறார். ஒரு பெயரை உரசிப் பார்த்தால் இவ்வளவு வெளியே வரும் என்பதற்கு அந்த நாடகம் ஒரு நல்ல அத்தாட்சி.

ஒரு சீட்டு

இங்கே ஒரு தோழர் சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார். 'கதையில் எந்தப் பெயர் வைத்தால் என்ன? அதனால் யாருக்கு நஷ்டம்?' என்று கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. அவருக்கு நமது வந்தனம்.

நஷ்டம் யாருக்கு என்பதை மனுதர்ம சாஸ்திரமே சொல்லுகிறது. இரண்டாம் அத்தியாயம் 31-ஆவது சுலோகத்தைப் புரட்டிப் பாருங்கள். பிராமணனுக்கு மங்களமான பெயர் வைக்கவேண்டும். க்ஷத்திரியனுக்குப் பலத்தைக் காட்டும் பெயர். வைசியனுக்குச் செல்வத்தைக் காட்டும் பெயர். சூத்திரனுக்கோ இழிவான பெயர் என்று அதில் விதித்திருக்கிறது. அடுத்த சுலோகத்தில், சூத்திரன் பெயரோடு ஊழியத்தைக் காட்டும் சொல் சேரவேண்டும் என்றும் இருக்கிறது. ஆகவே புராணக்காரர் அசுரனுக்குச் செய்ததைச் சாஸ்திரக்காரர் உயிரோடு இருக்கிற மனிதனுக்குச் செய்தார். கதைக்கும் வாழ்க்கைக்கும் இடையில் சுவர் இல்லை.

நம் வீட்டுச் சங்கதி ஒன்று சொல்லுகிறோம். நமது பாட்டனார் இந்த ஜில்லாவில் ஒரு பண்ணையில் பண்ணையாளாக இருந்தவர். பண்ணையின் பெயர் வேண்டாம். அவர் பிறந்தபோது அவருடைய தாயார் 'ராசா' என்று பெயர் வைத்தாராம். பண்ணைக் காரியக்காரர் காதில் அது விழுந்தது. "சின்ன ஐயாவையே நாங்கள் ராசா என்றுதான் கூப்பிடுகிறோம். உன் பிள்ளைக்கும் அதே பெயரா?" என்று கேட்டு, கணக்கில் 'மண்ணாங்கட்டி' என்று எழுதிவிட்டார். தாயார் பிள்ளையை இரவில் குடிசைக்குள் ராசா என்று கூப்பிடுவார். விடிந்தால் களத்தில் மண்ணாங்கட்டி. 1952-இல் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கூலியில் மாற்றம் வந்தது, ஆளை நினைத்தபோது துரத்த முடியாது என்று வந்தது. பெயர் மாத்திரம் மாறவில்லை. வாக்காளர் பட்டியலில் மண்ணாங்கட்டி, ரேஷன் கார்டில் மண்ணாங்கட்டி, கடைசியில் இறப்புச் சான்றிதழிலும் மண்ணாங்கட்டி. அவர் செத்த அன்று ஒப்பாரி வைத்த கிழவிகள்தான் 'என் ராசா' என்று அவரை வாய்விட்டுக் கூப்பிட்டார்கள். செத்தவர் யாராயிருந்தாலும் ஒப்பாரியில் ராசாதானே! பெரியம்மா ஒருத்தி மாத்திரம், "இவனுக்கு அதுதாண்டா நெசப் பேரு" என்று நம்மிடம் சொன்னார்.

நியாயத்துக்கு இன்னொன்றையும் சொல்லவேண்டும். குப்பன், பிச்சை, மண்ணாங்கட்டி போன்ற பெயர்களைப் பெற்றோரே வைத்ததும் உண்டு. பிறந்த பிள்ளைகள் வரிசையாகச் செத்தால், அடுத்த பிள்ளையைக் குப்பையில் புரட்டி எடுத்துக் குப்பன் என்று வைத்தால் எமன் அருவருத்து விட்டுவிடுவான் என்பது நம்பிக்கை. பிள்ளைகள் செத்தது வைத்தியம் இல்லாமல், பால் இல்லாமல். எமன் பெயர்ப் பட்டியலைப் பார்த்து வந்ததால் அல்ல. மூடநம்பிக்கைதான், ஆனாலும் அதற்குள் ஒரு தாயின் பயம் இருந்தது. பண்ணைக் கணக்கில் எழுதியதற்குள் இருந்தது பயம் அல்ல. 'நீ யார் என்பதை நான் சொல்லுவேன்' என்கிற அதிகாரம். சீட்டு அனுப்பிய தோழருக்கு இதுவே நமது பதில்.

இந்த வட்டாரத்துக் கதையிலேயே நந்தன் இருக்கிறான். சுந்தரர் தம் அடியார் பட்டியலில் அவனைத் 'திருநாளைப்போவார்' என்று குறிக்கிறார். அந்தப் பட்டியலை அவர் இந்தத் திருவாரூரில்தான் பாடினார் என்பது ஐதீகம். நாளைக்குப் போவேன், நாளைக்குப் போவேன் என்று தில்லைக்குப் போக ஏங்கியவன் என்று அந்தப் பெயருக்கு அர்த்தம் சொல்லுகிறார்கள். கேட்கப் பக்தியாக இருக்கிறது. ஆனால் அவன் ஏன் இன்றைக்குப் போகவில்லை? போகக்கூடாத ஜாதி என்று தடுத்து வைத்திருந்ததால்தானே? தடுத்தவனுடைய குற்றம் தடுக்கப்பட்டவனுடைய பெயராகி, அதற்கு முன்னால் ஒரு 'திரு'வும் போட்டாகிவிட்டது! பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தன் சரித்திரத்தைக் கீர்த்தனையாகப் பாடியபோது, பெரியபுராணத்தில் இல்லாத ஒரு நிலச் சொந்தக்காரரைப் புதிதாகச் சேர்த்தார். நாற்பது வேலி நிலத்தையும் அறுத்துவிட்டுப் போ என்கிறவர் அவர். அவருக்குப் பெயரே கிடையாது. 'வேதியர்' என்றுதான் வருகிறார். பாரதியார் என்ன நினைத்துச் செய்தாரோ, இந்தக் காவேரிக் கரையில் அந்தப் பாத்திரத்துக்குத் தனிப் பெயர் தேவைப்படவில்லை. கேட்டவர் ஒவ்வொருவரும் தம் ஊர் மிராசுதாரின் பெயரை அங்கே போட்டுக்கொண்டார்கள். (கைதட்டல்)

இழிபெயரை வாங்கிக்கொண்டு சும்மா இராதவன் ஒருவனும் நம் பழைய நூலில் இருக்கிறான். மணிமேகலையில் வரும் ஆபுத்திரன். பெற்ற தாய் விட்டுப்போக, பசு பால் கொடுத்துக் காப்பாற்றிய குழந்தை. ஆபுத்திரன் என்றால் பசுவின் மகன். வேள்வியில் கொல்லக் கட்டிவைத்த பசுவை அவன் அவிழ்த்துக்கொண்டு போனான் என்பதற்காகப் பார்ப்பனர் அவனைப் பிடித்து அடித்து, பசுவின் மகனே என்று இழிவாகப் பேசுகிறார்கள். அவன் வெட்கப்படவில்லை. உங்கள் ரிஷிகளில் பசு வயிற்றில் பிறந்தவர் யார், மான் வயிற்றில் யார், புலி வயிற்றில் யார், நரி வயிற்றில் யார் என்று பெயர் பெயராகக் கேட்டு வாயை அடைத்துவிடுகிறான். வைதவன் வைத்த பெயர், பிறகு ஊர்ப்பசி தீர்த்தவனுடைய பெயராகிவிட்டது. ஆகவே பெயர் இழிவாக இருப்பது மட்டும் விஷயமல்ல. அதற்குத் தலை குனிகிறோமா, திருப்பிக் கேள்வி கேட்கிறோமா என்பதே விஷயம்.

அப்போ இது எந்த மனு?

இனி அந்தக் குழந்தையின் கேள்விக்கு வருவோம்.

கன்றின் மேல் தேரை ஏற்றிய மகனைத் தேர்க்காலில் இட்ட அரசன் கதை மிகப் பழையது. சிலப்பதிகாரத்தில் கண்ணகி பாண்டியன் சபையில் அதைச் சொல்லுகிறாள். அங்கே அந்த அரசனுக்குப் பெயர் இல்லை. ஊரும் புகார்; திருவாரூர் அல்ல! (சிரிப்பு) திருவாரூர்த் தோழர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. பழமொழி நானூறு அதே கதையைக் குறிக்கிறது. அங்கும் பெயர் இல்லை. கடலுக்கு அப்பால் இலங்கையில் பௌத்த பிக்குகள் பாலி மொழியில் எழுதிய மகாவம்சத்திலும் ஆராய்ச்சி மணியும், கன்றும், தேர்க்காலும் அப்படியே வருகின்றன. அங்கே அரசனுக்குப் பெயர் உண்டு: சோழ நாட்டிலிருந்து போய் அனுராதபுரத்தில் ஆண்ட ஏலாரன், நாம் எல்லாளன் என்கிறவர். தங்களோடு போரிட்ட தமிழனாக இருந்தும் அவன் நீதிமான் என்று அந்த பிக்குகள் எழுதி வைத்தார்கள். அங்கும் மனு என்ற பெயர் இல்லை.

பிறகு பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணம் பாடுகிறார். அங்கேதான் ஊர் திருவாரூராகவும், அரசன் பெயர் மனுவாகவும் இருக்கக் காண்கிறோம். அதற்கு முன்பே சோழர் செப்பேடுகளில் தங்களைச் சூரிய வம்சம் என்று சொல்லி, மனுவை முன்னோர் வரிசையில் எழுதிக்கொள்ளும் வழக்கம் வந்துவிட்டது. அதாவது செயல் பழையது. அதன் மேல் ஒட்டிய பெயர் பிந்தியது.

அந்தப் பெயர் அந்தச் செயலுக்குப் பொருந்துகிறதா? இதைத்தான் நீங்கள் நன்றாகக் கவனிக்கவேண்டும்.

பெரியபுராணத்திலேயே மந்திரிகள் அரசனிடம் என்ன சொல்லுகிறார்கள்? பசுக் கொலைக்குச் சாஸ்திரத்தில் பிராயச்சித்தம் உண்டு, அதை இளவரசன் செய்துவிட்டால் போதும் என்கிறார்கள். இளவரசனும் முதலில் அந்தணர் விதிக்கிற பிராயச்சித்தத்தைத்தான் தேடிப் போகிறான். மந்திரிகள் சொன்னது தப்பா? மனுதர்ம சாஸ்திரத்தின் பதினோராம் அத்தியாயத்தைப் பாருங்கள். பசுவைக் கொன்றவன் தலையை மழித்துக்கொண்டு, பசுத்தோலைப் போர்த்திக்கொண்டு, மூன்று மாதம் மாட்டுக் கொட்டிலில் இருந்து விரதம் காக்கவேண்டும் என்று இருக்கிறதேயொழிய, தேர்க்காலில் இடச் சொல்லவில்லை. எட்டாம் அத்தியாயத்திலோ, மற்றவர்களுக்கு மரண தண்டனை உள்ள குற்றத்துக்குப் பிராமணனுக்குத் தலையை மொட்டையடித்தால் போதும் என்றும், அவன் எந்தப் பாவம் செய்திருந்தாலும் அரசன் அவனைக் கொல்லலாகாது என்றும் இருக்கிறது. ஆளுக்கு ஒரு நீதி, ஜாதிக்கு ஒரு தண்டனை என்பதே மனுநீதி.

நம் அரசன் செய்தது என்ன? என் மகன் என்றால் பிராயச்சித்தம், ஊரான் மகன் என்றால் தண்டனையா என்று மந்திரிகளைக் கேட்டான். மாட்டுக்கும் மன்னன் மகனுக்கும் ஒரே தராசு என்றான். ஆகவே, தோழர்களே, மந்திரிகள் சொன்னதுதான் மனுநீதி. அரசன் செய்தது மனுவுக்கு விரோதமான நீதி. மனுவை மீறினவனுக்கே மனு என்று பெயர் வைத்துவிட்டார்கள்! (கைதட்டல்) சேக்கிழார் கெட்ட எண்ணத்தோடு செய்தார் என்று நாம் சொல்லவில்லை. அவர் காலத்தில் நீதி என்றாலே மனு என்று நினைக்கும்படி ஜனங்கள் பழக்கப்பட்டிருந்தார்கள். ஆனால் பலன் என்ன? தேர்க்காலைக் கண்டு கண்ணீர் விடுகிற ஒவ்வொருவனும், அந்தக் கண்ணீரை வடமொழிச் சட்டப் புத்தகத்தின் கணக்கில் வரவு வைத்துவிட்டுப் போகிறான்.

இன்றைக்கும் பாருங்கள். சென்னை உயர்நீதிமன்ற வளாகத்தில் மனுநீதிச் சோழனுக்குச் சிலை இருக்கிறது. ராஜஸ்தானத்தில் ஜெய்ப்பூர் உயர்நீதிமன்றத்தில் 1989-இல் ஸ்மிருதி எழுதிய மனுவுக்கே சிலை வைத்திருக்கிறார்கள். அந்த ஸ்மிருதியைத்தான் டாக்டர் அம்பேத்கர் 1927 டிசம்பர் 25-ஆம் தேதி மஹாட் என்கிற ஊரில் தீயிட்டுக் கொளுத்தினார். இரண்டு சிலைக்கும் பெயர் மனு. ஒன்று ஆளுக்கு ஆள் வித்தியாசம் பார்க்காத அரசன். மற்றொன்று வித்தியாசத்தையே சட்டமாக்கியவர். பெயர் ஒன்றாக இருப்பதால் ஒருவர் சம்பாதித்த புகழில் மற்றவர் சோறு தின்கிறார்.

மனு என்ற வடசொல்லுக்கே 'நினைக்கிறவன்', 'மனிதன்' என்று அர்த்தம். நினைக்கிறவன் பேரால் உள்ள அந்தப் புத்தகத்தில், தர்க்கத்தைக் கொண்டு வேதத்தைக் கேள்வி கேட்பவனை நாஸ்திகன் என்று சொல்லிச் சமூகத்திலிருந்து தள்ளிவிடும்படி விதி இருக்கிறது! மெய்ப்பொருள் அறிந்த பரமார்த்த குருவை முன்பு பார்த்தோமே, அந்த வேடிக்கை இங்கே வேடிக்கையாக இல்லை.

நாம் செய்ய வேண்டியது

சரி, பெயரையெல்லாம் மாற்றிவிட்டால் போதுமா என்று கேட்கலாம். பெயர் மாற்றத்துக்கு மதிப்பு இல்லாமலில்லை. நாகப்பட்டினத்துப் பக்கம் பிறந்த வேதாசலம், வேதத்தை மறையாக்கி, அசலத்தை மலையாக்கி, மறைமலை ஆனார். 1929-இல் செங்கற்பட்டு சுயமரியாதை மாநாட்டில் ஜாதிப்பட்டத்தை விடவேண்டும் என்று தீர்மானம் செய்தபோது ஆயிரம் கேலி பேசினார்கள். இன்று தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் ஜாதியைப் போட்டுக்கொள்ளக் கூசுகிறவர்கள் எத்தனை பேர்! இந்த வட்டாரத்தில் பிறந்த இராமையா அன்பழகனாகவும், நாராயணசாமி நெடுஞ்செழியனாகவும் மாறி மந்திரிகளாகவே இருந்தார்கள். ஆனால் ஜாதியைப் பெயரிலிருந்து எடுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டால் அது மாற்றமல்ல, ஒளித்துவைத்தல். இப்பொழுதோ, நட்சத்திரத்துக்கு இன்ன எழுத்து, எண் கணிதப்படி இத்தனை எழுத்து என்று பார்த்து, வாயில் நுழையாத, பெற்றவர்களுக்கே அர்த்தம் தெரியாத பெயர்களை வைக்கிறார்கள். பண்ணைக் காரியக்காரர் போய்விட்டார். அவர் நாற்காலியில் ஜோசியர் உட்கார்ந்திருக்கிறார். (சிரிப்பு)

ஆகவே நாம் கேட்டுக்கொள்வது பெரிய காரியம் ஒன்றுமல்ல. கதையில் ஒரு பெயர் வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். இந்தப் பெயருக்கு அர்த்தம் என்ன? இதை வைத்தவன் யார்? இதனால் லாபம் யாருக்கு? உங்கள் குழந்தைகளையும் கேட்கச் சொல்லுங்கள். அவர்கள் கேட்டால் 'ராஜா பேரு அப்படித்தான்' என்று இழுத்துக்கொண்டு போய்விடாதீர்கள்.

மாவட்ட ஆட்சியர் கிராமத்துக்கு வந்து ஜனங்களிடம் மனு வாங்குகிற நாளுக்கு 'மனுநீதி நாள்' என்று பெயர் இருப்பது உங்களுக்குத் தெரியும். அந்தக் குழந்தை 'தாத்தா கொடுக்கிற மனுவா' என்று கேட்டதே, அதுதான் அந்தப் பெயருக்கு நல்ல அர்த்தம் என்று நமக்குப் படுகிறது. சிலப்பதிகாரத்து அரசனுக்குப் பெயர் இல்லை. ஆனால் வாசலில் ஒரு மணி இருந்தது. வாயில்லாத பசு வந்து அந்த மணியை அடித்தது. அது கொடுத்ததுதான் மனு. அதற்கு அவன் செய்ததுதான் நீதி. ஸ்மிருதி எழுதியவருக்கு அதில் பங்கு கிடையாது. இப்படிச் சொல்லிக்கொடுத்தால், தாத்தா கையில் இருக்கிற காகிதத்துக்கும் கல்தேருக்கும் உள்ள சம்பந்தம் அந்தக் குழந்தைக்கு விளங்கிவிடும்.

நாம் சொன்னதை நாம் சொன்னோம் என்பதற்காக நம்பிவிடாதீர்கள். சிலப்பதிகாரமும், பெரியபுராணமும், மனுதர்ம சாஸ்திரமும் நூல் நிலையத்தில் கிடைக்கும். எடுத்துப் பாருங்கள். உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டதை ஒப்புக்கொண்டு, மற்றதைத் தள்ளிவிடுங்கள்.